தாழ்ப்பாள் வரைந்தவள்

தாழ்ப்பாள்தான் முதலில் கண்ணில் படுகிறது, கதவைவிடப் பெரிதாக, கறுப்புக் கிரயானை அழுத்தி அழுத்தி வரைந்தது, அதுவும் வெளிப்பக்கத் தாழ்ப்பாள், அதன் குறுக்கே நுனி உருண்ட ஒரு கம்பு, ஏட்டி இசக்கி, யாருட்டி ஒன்ன உள்ள போட்டுப் பூட்டுனா, இந்தக் கம்பால அடிச்சாங்களா, என் ஒன்பது வயது மகளுக்குப் பேச்சு வராது, கோபம் வந்தால் சுவரில் தலையை மோதத்தான் தெரியும், மூன்று பள்ளிகள் கைவிரித்த பிறகு, பாளையங்கோட்டையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே நடக்கும் பள்ளியில் சேர்த்தேன், சேர்த்த நாள் முதல் சந்தேகம், சாயங்காலம் இவ்வளவு சாதுவாக வருகிறாளே, மிரட்டுகிறார்களா, மருந்து கொடுத்து மயக்குகிறார்களா, குளிப்பாட்டும்போது முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒரு கீறல்கூட இல்லை, தடயமில்லாமல் அடிக்கத் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், அங்கே அமைதி அறை என்று ஒன்று உண்டாம், வேன் டிரைவர் சொன்னார், அதன்பிறகு கண்ணை மூடினால் நானே அந்த அறைக்குள் இருக்கிறேன், அவள் உயரம்தான் நானும், கதவைத் தட்டுகிறேன், வெளியே யாரோ பருப்புத் தாளிக்கும் வாசனை, பள்ளிக்கூடத்தில் யார் தாளிப்பார்கள் என்று கனவில் தோன்றவில்லை.

மறுநாள் சொல்லாமல்கொள்ளாமல் போய் நின்றேன், டி.சி. வாங்கிவிடும் முடிவோடு, அந்த ரூமக் காட்டுங்க டீச்சர், ஃபுளோரா டீச்சர் முகம் சுளிக்கவில்லை, வாங்கம்மா, செருப்ப மட்டும் கழத்திருங்க, உள்ளே ஒரு மெத்தை, இரண்டு தலையணை, கதவின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், மொழுமொழுவென்று இருந்தது, தாழ்ப்பாள் உள்பக்கம், என் இடுப்பு உயரத்தில், அவளே போட்டுக்கிடுவா, மனசு ஆறுனதும் அவளே தொறந்து வருவா, அதுவரைக்கும் நான் வெளிய ஒக்காந்து கெடப்பேன், அப்புறம் மெதுவாக, வீட்ல கோவம் வந்தா புள்ள எங்கம்மா இருப்பா.

போன சித்திரையில் ஆசாரியை வரவழைத்து அவள் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டவள் நான்தானே, அவள் உலுக்கினால் அது நழுவும், அதனால் பருப்புக் கரண்டியைக் குறுக்கே செருகிவிட்டு அடுப்படிக்குப் போவேன், பிள்ளையின் பாதுகாப்புக்குத்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்லியும் இருக்கிறேன், வீட்டுக்கு வந்து அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தேன், இசக்கி வந்து திருகாணி இருந்த துளைகளில் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தாள், பிறகு கிரயானை எடுத்தாள், இப்போது தாளில் அதே கதவு, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு புள்ளிகள், பக்கத்தில் முதல்முறையாக நான் நிற்கிறேன், என் கையில் கரண்டி.