காய் விழும் சத்தம்

என் மகள் ஜூரேமா குழந்தை பெற்று ஏழு நாள் ஆகியிருந்தது. நாற்பது நாளைக்கு அவள் வழவழத் தோல் மீனைத் தொடக்கூடாது, கடிக்கிற மீனைத் தொடக்கூடாது. செதிலுள்ள, சாதுவான பக்கூ மீன்தான் ஆகும். அது கிடைக்காமல் வெறும் மரவள்ளிக் கஞ்சியைக் குடித்துக் கிடந்தாள். பால் வற்ற ஆரம்பித்துவிட்டது.

அமேசானில் கலக்கிற எங்கள் நேகுரோ ஆறு, வெள்ளத்தில் காட்டுக்குள் ஏறி நின்றது. மர உச்சிகளுக்கு நடுவே படகை விட்டேன். கீழே கிளைக்குக் கிளை மீன்கள் அடைந்திருந்தன. இலைபோல ஒன்று, கத்திபோல ஒன்று, உள்முள் தெரியும் கண்ணாடிபோல ஒன்று, விரல் நீளச் சிவப்புக் கூட்டம். பட்டணத்துக்காரர்கள் வந்து எண்ணி இருநூறு வகை என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் நம்பவில்லை. அதற்கும் மேலே இருக்கும். அத்தனையிலும் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தூண்டிலில் வந்ததோ கடிக்கிற பிரான்யாவும் வழவழக் கெளுத்தியும்தான்.

பக்கூ காய் தின்னி. ரப்பர்க் காய் தண்ணீரில் விழுகிற சத்தத்துக்கு ஓடி வரும். அதனால் கம்பு நுனியில் ஒரு மர உருண்டையைத் தொங்கவிட்டுத் தண்ணீரைத் தட்டுவோம். தட்டினேன். நிறுத்தினேன். தூரத்தில் 'ப்ளக்' என்றது. காய் உதிர்கிற மரம் அங்கே இருக்கிறது என்று துடுப்பைப் போட்டேன்.

சத்தம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நான் தட்ட அது தட்டியது. கறுப்புத் தண்ணீருக்குள் வானம் கிடந்தது; மேகத்தின்மேல் போகிறேனா, தூங்குகிறேனா, தெரியவில்லை. மத்தியானம் சாய்ந்தபோது ஒரு மரத்தைச் சுற்றினேன். எதிரே அனிசேத்து, கையில் உருண்டைக் கம்போடு. அடுத்த வீட்டுக்காரன். என் வலையை அறுத்தான் என்று மூன்று வருஷமாக நான் பேசாதவன்.

"காலையிலேருந்து உன் பின்னாடியா சுத்துனேன்? காய் கொட்டுதுன்னு நெனச்சேன்யா" என்றான்.

"நீன்னு தெரிஞ்சிருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்" என்றேன்.

அவன் படகில் ஒரே ஒரு பக்கூ கிடந்தது. என் கண் போன இடத்தை அவனும் பார்த்தான்.

"ஜூரேமாவுக்குக் கொண்டு போ."

வாங்கிச் செவுளைத் திறந்தேன். பழைய மீன் பிள்ளை பெற்றவளைக் கொன்றுவிடும்.

"நல்லா மோந்து பாரு, கெழட்டு முதலை."

செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது.

ஜூரேமா குழம்பைக் குடித்தாள், தலையைக்கூட விடாமல் தின்றாள். மறுநாளே பால் ஊறியது. குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கியது.

முள்ளை நாய் தின்றால், பிடித்தவன் கைக்கு அப்புறம் மீன் வராது. அன்று அவள் தின்று முடித்ததும் ஒரு முள் விடாமல் பொறுக்கினேன். பின்னாலேயே வந்த நாயைக் காலால் தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் ஆற்றில் போட்டேன்.

என் வலையை அறுத்தது அனிசேத்துதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.