ஒற்றைப் படத்தில் விழுந்த எரிநட்சத்திரம்

கிரீட்பாயின் ஸ்டுடியோவில் பெரிய பிரிண்டர் காலையிலிருந்து ஒரே படத்தை அங்குலம் அங்குலமாகக் கக்கிக்கொண்டிருந்தது. முதலில் வெறும் கறுப்பு. அப்புறம் நட்சத்திரங்கள். பிறகு, கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் நடுவே பச்சையாகத் தொடங்கி, போகிற வழியில் இரண்டு முறை பளீரென்று வெடித்து, வெள்ளையாக முடிந்த ஓர் எரிநட்சத்திரம். ராத்திரி வானத்தைப் பார்க்கும் ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஆகாஷ் மண்டலியின் கண்காட்சிக்கான பேனர் அது. பூஜ் நகரமே அந்தப் படத்தைப் பற்றித்தான் பேசியது. உள்ளூர் நாளிதழ் முதல் பக்கத்தில் போட்டுவிட்டது.

கிரீட்பாய்க்கு வயிறு பற்றி எரிந்தது. காரணம், படம் அவர் எடுத்ததல்ல. நகத்ராணாவில் ஒரு தனியார் பள்ளியில் ஓவியம் சொல்லித்தரும் பாருல்பென் எடுத்தது. ஊரில் வேறு யாரிடமும் இவ்வளவு பெரிய பிரிண்டர் இல்லாததால் அதை அச்சடிக்கும் பாக்கியமும் அவருக்கே வாய்த்தது.

பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த துணிக்கடை ஜெயந்திபாய் பேனரைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"நீங்க எடுத்ததா கிரீட்பாய்? என் பொண்ணு கல்யாணத்துல சம்பந்தி வீட்டாருக்கெல்லாம் பாதித் தலையை வெட்டிட்டீங்களே, இந்தத் திறமையை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"நான் எடுத்ததில்ல. தாடையைத் தூக்குங்க," என்றார் கிரீட்பாய்.

ஆகாஷ் மண்டலியில் வானத்தைப் படம்பிடிப்பவர் என்றால் பல வருஷமாக அவர் ஒருவர்தான். கல்யாணத்துக்குத் தூக்கிப்போகும் அதே கேமராதான். நட்சத்திரங்கள் நகர நகரக் கேமராவையும் கூடவே திருப்பும் பேட்டரிக் கருவி ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருந்தார். பாருல்பென் மண்டலியில் சேர்ந்தபோது அதுவும் இல்லாமல் வந்தார். இரண்டு மரப்பலகைகள், நடுவே ஒரு கதவுக் கீல், ஒரு நீளத் திருகு. கேமராவின் கண் திறந்திருக்கும் நேரமெல்லாம் பக்கத்திலேயே நின்று அந்தத் திருகைக் கையால் மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். "மாவு பிசையிற பலகையா பாருல்பென்?" என்று கிரீட்பாய் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். பாருல்பென்னும் கூடச் சிரித்தார். அந்தப் பலகைதான் இப்போது முதல் பக்கத்தில் வந்திருக்கிறது.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாருல்பென் நகத்ராணாவில் அதை எடுத்த அதே ராத்திரி கிரீட்பாயும் மாண்ட்விப் பக்கம் கடற்கரைக்குப் போய், அதே கிழக்கு வானத்தைப் பார்த்துத்தான் கேமராவை வைத்தார். கருவியை முடுக்கிவிட்டு, கம்பு ரொட்லாவையும் பூண்டுச் சட்னியையும் சாப்பிட்டு, காருக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போனார். மறுநாள் அந்த ராத்திரியின் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினார். எல்லாப் படத்திலும் இருப்பதைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு படத்தில் மட்டும் வந்துபோகிற விமானம், செயற்கைக்கோள் எல்லாவற்றையும் அழுக்கென்று துடைத்துவிடும். துடைத்து வைத்த மாதிரி அழகான படம்தான் கிடைத்தது. மண்டலியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மூன்று கட்டைவிரல் விழுந்தது, அதில் ஒன்று அவர் மனைவியுடையது.

ஜெயந்திபாய் போனதும் கிரீட்பாய் போனை எடுத்தார். பாருல்பென்னின் படத்துக்குக் கீழே எழுதினார்: "சும்மா ஒரு சந்தேகம். அதே நேரம், அதே பக்கம் என் கேமராவும் பார்த்துக்கொண்டிருந்தது. என் படத்தில் அப்படி எதுவும் இல்லையே?" கீழே தன் படத்தையும் போட்டார். ஒரு கும்பிடு போடும் கையையும் சேர்த்தார்.

சந்தேகம் என்று ஒருவர் சொன்னால் மற்றவர்களுக்கு அது தீர்ப்பாகிவிடுகிறது. மதியத்துக்குள் ஒருவர் "எனக்கும் அப்பவே தோணுச்சு" என்றார். இன்னொருவர் ஒட்டு வேலை என்றார். சாயங்காலம் அது நகத்ராணா பள்ளியின் பெற்றோர் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவளே ஊரை ஏமாற்றலாமா என்று யாரோ கேட்டு, அதற்கு யாரோ கைதட்டினார்கள். மண்டலியின் செயலாளர் ஹாரூன்பாய், கல்லூரியில் கணிதம் நடத்துகிறவர், பேனரை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள் என்று போன் செய்தார். கிரீட்பாய் பேனரைச் சுருட்டி மூலையில் சாத்தினார். அன்று இரவு கிச்சடி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் பாருல்பென் பஸ் பிடித்து ஸ்டுடியோவுக்கே வந்தார். கையில் பென் டிரைவ். பழைய கேமரா, சின்ன கார்டு; இடம் போதாது என்று படங்களைச் சுருக்கித்தான் பதிவு செய்திருந்தார். கேமராவின் அசல் பதிவு இல்லாமல், அதை வைத்து ஒட்டு வேலை இல்லையென்று நிரூபிக்க முடியாது என்று கிரீட்பாய் நிதானமாக விளக்கினார். அது உண்மையும்கூட.

"நான் கண்ணால பாத்தேன் கிரீட்பாய்," என்றார் பாருல்பென். "திருகு கையில இருந்துச்சு. அது போனப்ப என் நிழல் தரையில விழுந்துச்சு. உங்க படத்தை அடுக்குறதுக்கு முன்னாடி இருந்த மாதிரி, ஒண்ணொண்ணா ஒரு தடவை பாருங்களேன். அதுல கண்டிப்பா இருக்கும்."

"பாத்தாச்சு," என்றார் கிரீட்பாய்.

அவர் பார்க்கவில்லை. அதுவரை அவர் சொன்னதெல்லாம் ஒருமாதிரி உண்மைதான். இது மட்டும் சுத்தப் பொய். தனிப்படங்களில் இருக்கலாம் என்பது இத்தனை வருஷம் இதே வேலையைச் செய்தவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததால்தான் அந்தப் பக்கமே போகவில்லை.

பாருல்பென் கையிலிருந்த பென் டிரைவை மேசையில் வைத்தார். பிறகு, இந்த வருஷம் தன்னை நிரந்தரமாக்குவதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள் என்றும், இப்போது திங்கட்கிழமை டிரஸ்டிகள் முன்னால் வந்து பதில் சொல்லச் சொல்கிறார்கள் என்றும் சொன்னார். சரியான பதில் இல்லாவிட்டால் வேலையே இல்லை. பென் டிரைவை எடுத்துக்கொள்ள மறந்து கிளம்பிப் போனார். அன்றே குழுவிலிருந்தும் விலகிவிட்டார்.

அந்தப் பென் டிரைவ் மேசையிலேயே கிடந்தது. சொன்ன பொய்யும் உள்ளே முள்ளாகக் கிடந்து உறுத்தியது. பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையென்றால் சொன்னது உண்மையாகிவிடும், அப்புறம் நிம்மதி என்று கிரீட்பாய் கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைத்தெரு முழுக்க ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கும் நேரத்தில், அவரும் பாதி ஷட்டரை இறக்கிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

இருந்தது. கார்த்திகைக்கு இடப்பக்கம், படத்தின் ஓரத்தில். பச்சைத் தொடக்கம், நடுவில் இரண்டு வெடிப்பு, வெள்ளை முடிவு. நேரமும் பாருல்பென் படத்தின் நேரமே.

முதலில் ஒரு கணம் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. நானும் பிடித்திருக்கிறேன். அடுத்த கணமே, ஓரத்தில் விழுந்துவிட்டதே, அவளுடையதுதான் எடுப்பாக இருக்கிறது என்று தோன்றியது. மூன்றாவதாகத்தான் பாருல்பென்னின் முகம் வந்தது. விரல் டெலீட் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. அழுத்தினால் போதும், இப்படி ஒரு படம் இருந்தது யாருக்கும் தெரியப் போவதில்லை.

"அட, இது பாருல்பென்னோட நட்சத்திரம்தானே?"

மோர்ச் செம்போடு வந்த மனைவி தக்ஷா பின்னால் நின்றிருந்தார். கிரீட்பாய் திரும்பவில்லை. அந்த முதுகைப் பார்த்தே தக்ஷாவுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைக் கேள்வி கேட்டு வாங்கினார். பாருல்பென் கெஞ்சியது, இவர் பார்த்தாச்சு என்றது, எல்லாம்.

"ஒரு படத்துல மட்டும் இருக்குன்னு மிஷின் அழிச்சுச்சு. அதுக்கு மனசு கிடையாது," என்றார் தக்ஷா. "உங்களுக்கு என்ன ஆச்சு? ஒரு பொம்பள தனியா நின்னு பாத்ததை ஊரே சேர்ந்து இல்லேன்னுது. இருக்குன்னு சொல்ல வேண்டிய ஒரே ஆளு நீங்க."

மோர்ச் செம்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். கிரீட்பாய் வெகுநேரம் அதைத் தொடவில்லை. பிறகு விரலை எடுத்துக்கொண்டு, அந்தப் படத்தைப் பிரிண்டருக்கு அனுப்பினார். ஹாரூன்பாய்க்குப் போன் போட்டார்.

திங்கட்கிழமை அவரும் ஹாரூன்பாயும் நகத்ராணா போனார்கள். பள்ளி அலுவலகத்தில் பாருல்பென் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். அந்தப் பக்கம் மூன்று டிரஸ்டிகள். நடுவில் இருந்த மன்சுக்பாய் கிரீட்பாயைப் பார்த்ததும், "நீங்கதானே ஒட்டு வேலைன்னு சொன்னது?" என்றார்.

ஒட்டு வேலை என்று நான் சொல்லவில்லை, சந்தேகம் என்றுதான் சொன்னேன் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. கிரீட்பாய் அதை விழுங்கினார்.

"ஆமா, நான்தான் ஆரம்பிச்சேன். அவங்க படம் நிஜம். இதோ, அதே எரிநட்சத்திரம், அதே நேரம், மாண்ட்வியிலேருந்து நான் எடுத்தது. என்கிட்டயே இருந்துச்சு. பாருங்கன்னு அவங்க கேட்டாங்க. பாக்காமலே பாத்தாச்சுன்னு பொய் சொன்னேன்."

"ஏன்யா?"

"பொறாமை," என்றார் கிரீட்பாய். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு வியர்த்துவிட்டது.

இரண்டு படத்திலும் அது வேறு வேறு இடத்தில் இருக்கிறதே என்று ஒரு டிரஸ்டி கேட்டார். ஹாரூன்பாய் முகம் மலர்ந்து எழுந்தார். அதுதான் விஷயமே என்றார். ஒரு விரலை நீட்டி, அவரை ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லி, பிறகு மறு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். விரல் இடம் மாறியது. நகத்ராணா ஒரு கண், மாண்ட்வி ஒரு கண். ஒரு படத்தை வைத்து அது எவ்வளவு உயரத்தில் எரிந்தது என்று சொல்லவே முடியாது; இரண்டும் சேர்ந்ததால் ராத்திரியே கணக்குப் போட்டுவிட்டேன், சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் என்றார். டிரஸ்டிகள் மூவரும் கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாருல்பென்னின் வேலையைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. மன்சுக்பாய் மட்டும் அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

வெளியே வந்ததும் கிரீட்பாய் மன்னிப்புக் கேட்டார்.

"இன்னைக்கே மன்னிச்சுட்டேன்னு சொன்னா அது பொய்யா இருக்கும்," என்றார் பாருல்பென். "நீங்க ஒரு வரிதான் எழுதினீங்க. என் வகுப்புப் பிள்ளைங்க ஒரு வாரமா என் முகத்தைப் பாத்துப் பேசல. முதல்ல குழுவுல எழுதுங்க."

கிரீட்பாய் அங்கேயே, வேப்பமரத்தடியில் நின்று எழுதினார். இந்த முறை கும்பிடு போடும் கையைச் சேர்க்கவில்லை.

கண்காட்சியில் இரண்டு படங்களும் ஒரே பேனரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. பாருல்பென் பெயர் முதலில். அச்சடித்தது கிரீட்பாயேதான், புதிதாக. துணிக்கடை ஜெயந்திபாய் வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, குசும்பாகக் கேட்டார்.

"ரெண்டுல எது நல்ல படம் கிரீட்பாய்?"

வயிற்றில் அந்தப் பழைய நெருப்பு ஒருமுறை புரண்டு படுத்தது. கிரீட்பாய்க்கு அது நன்றாகவே தெரிந்தது.

"அவங்களோடது," என்றார். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி மேலும் சொன்னார்: "பொறாமை யாருக்கும் வரும். எனக்கு இப்பவும் வருது. ஆனா அது உள்ள எரியும்போது அடுத்தவங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது, ஒரு வரி எழுதக்கூடாது. அந்த நேரத்துல வர்ற சந்தேகம் நம்ம புத்தி கேட்கிறதில்ல, வயிறு கேட்கிறது. இதைத் தெரிஞ்சுக்க நான் ஒருத்தங்க பேரையே கெடுக்கவேண்டியிருந்துச்சு."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எதிரே பாருல்பென் அந்தப் பழைய கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பேனரையும் கிரீட்பாயையும் சேர்த்து ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது.

"தாடையைத் தூக்குங்க, கிரீட்பாய்," என்றார்.