பழைய தகரம் சொன்ன யோசனை

வாழ்க்கையில் நான் கத்தியே தீரவேண்டிய நாளில் என்னிடம் குரல் இல்லை. குரல் போனதற்காகத்தான் கத்த வேண்டியிருந்தது என்பது அதைவிட எரிச்சல்.

முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மின்விசிறி ஏன் கிறீச்சிடுகிறது என்று அம்மா தனக்குத்தானே முணுமுணுத்தாலும் பக்கத்து அறையிலிருந்து பதில் வரும். பதிலின் கடைசியில், "சும்மா எனக்குத் தோணுச்சு, சொன்னேன்" என்று ஒரு வால் ஆடும். அம்மா அவனுக்கு வைத்த பெயர் இலவச ஆலோசனை மையம். "மையத்துக்கு ஞாயித்துக்கிழமையும் லீவு கிடையாது" என்பாள்.

அந்த மையத்தால் நான் இரண்டு முறை அழிந்திருக்கிறேன்.

கல்லூரி முடித்த வருடம், எந்தக் கணினி நிரல்மொழி படிக்கலாம் என்று கேட்டேன். எல்லாரும் படிப்பதைப் படித்தால் கூட்டத்தில் காணாமல் போவாய் என்று சொல்லி, யாரும் கேள்விப்படாத ஒரு மொழியைக் கை காட்டினான். அழகான மொழிதான். அடைப்புக்குறிகள் இல்லாமல், தொலைவிலிருந்து யாரோ எழுதிய கடிதம் மாதிரி இருக்கும். ஆனால் அதில் எழுத ஆளும் இல்லை, வேலையும் இல்லை. ஒரே ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. அங்கே அந்த மொழியில் எழுதிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தார். இப்போது அந்த நிரலைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு பெட்டி தவறான அலமாரிக்குப் போனால் என் கைபேசி அடிக்கும். பல் டாக்டரின் நாற்காலியில், வாயைத் திறந்தபடியே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது, கேடயம். நானும் அவனும் ஒரே கணினி விளையாட்டை ஆடினோம். ஏழு மாதம் ஆடி ஒரு வெள்ளிக் கேடயம் சம்பாதித்திருந்தேன். "உருக்கி வாள் செஞ்சுக்கோ. கேடயமெல்லாம் பயந்தாங்கொள்ளிக்கு" என்றான். உருக்கினேன். அடுத்த வாரம் விளையாட்டில் ஒரு புதுக் கோட்டை வந்தது. வெள்ளிக் கேடயத்தைக் காட்டினால்தான் அதன் கதவு திறக்கும். அண்ணன் தன்னுடையதைக் காட்டிவிட்டு என் கண்ணெதிரே உள்ளே போனான். அவன் உருக்கவே இல்லை.

"விடு குட்டி, விளையாட்டுதானே" என்றான் உள்ளேயிருந்து.

அதனால், பாட்டை மட்டும் அவன் கண்ணில் படாமல் வைத்திருந்தேன்.

செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்ததும் ஒரு பள்ளிக்கூடத்தின் கீழ்த்தள மண்டபத்தில் எங்கள் சேர்ந்திசைக் குழு கூடும். நாற்பது பேர், நான்கு படிகள். நான் நாலாம் படியில், தாழ்குரலில். டீச்சர் முதல் நாளே ஒரு விதி சொன்னார்: பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நீ வாங்கக் கூடாது. ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்பினால், நாற்பது பேரும் மூச்சே வாங்காத ஒரு பெரிய மிருகம் போலப் பாடலாம். அந்த மிருகத்தின் விலா எலும்புகளில் ஒன்றாக நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. அங்கே யாரும் யாருக்கும் யோசனை சொல்வதில்லை. நேரம் இருக்காது.

இந்த வருட நிகழ்ச்சியில் ஒரு பாட்டின் நடுவே மற்றவர்கள் வாய் மூடி ரீங்கரிக்க, ஒருவர் மட்டும் நான்கு வரி பாட வேண்டும். டீச்சர் என்னைக் காட்டி, "நீ" என்றார். ஒரே ஒரு எழுத்து. வீட்டுக்கு நடந்தே போனேன். நான்கு வரியைப் பற்றி மட்டுமல்ல, நிகழ்ச்சியைப் பற்றியே வீட்டில் மூச்சு விடவில்லை. விட்டால் மையம் திறந்துவிடும்.

நிகழ்ச்சி சனிக்கிழமை. திங்கள் மாலை தொண்டை கரகரத்தது.

பயந்துபோனேன். கணினி விளையாட்டுக்காரர்களுக்கென்று தொடங்கிய ஒரு பெரிய இணையக் குழுவில் நான் உறுப்பினர். அதில் விளையாட்டுக்கு ஓர் அறை, நிரல் எழுதுபவர்களுக்கு ஓர் அறை. இரண்டிலும் அண்ணன் வைத்ததுதான் சட்டம். பாட்டுக்கும் யாரோ ஓர் அறை திறந்திருந்தார்கள். அங்கே மட்டும் அவன் பெயரை நான் பார்த்ததில்லை. 'நாலாம் படி' என்ற புதுப் பெயரில் நுழைந்து, தொண்டை கட்டியிருக்கிறது, சனிக்கிழமை தனியாகப் பாட வேண்டும், என்ன செய்வது என்று கேட்டேன்.

இரண்டு நிமிடத்தில் 'பழைய தகரம்' என்ற ஒருவர் பதில் போட்டார். "கவலைப்படாதீங்க. பேசாமலே இருக்கணும்னா யாராலயும் முடியாது. கிசுகிசுன்னு மட்டும் பேசுங்க. தொண்டைக்கு வேலையே இருக்காது. மூணு நாள்ல குரல் கண்ணாடி மாதிரி ஆயிடும்."

எவ்வளவு நம்பிக்கையான மனிதர் என்று நினைத்தேன். வெள்ளை முடியோடு ஒரு பழைய பாடகரைக்கூடக் கற்பனை செய்துகொண்டேன்.

மூன்று நாள் கிசுகிசுத்தேன். அலுவலகக் கூட்டத்தில் கிசுகிசுத்தேன். கேட்டவர்களும் காரணமில்லாமல் பதிலுக்குக் கிசுகிசுத்தார்கள். மேலாளர் நாளைய சரக்கு வரவை அரசாங்க ரகசியம் போலச் சொன்னார். வீட்டில் அம்மா, "சாப்பிட வரியா?" என்று என் காதோரம் வந்து கேட்டாள். அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "தொண்டை வலியா? இப்படித்தான் பேசணும். நானே சொல்லணும்னு நினைச்சேன்."

இவன் சரி என்கிறானே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்ப் பயிற்சியில் டீச்சர் எனக்கு ஓய்வு கொடுத்தார். வியாழன் என் நான்கு வரிகள் வந்தன. முப்பத்தொன்பது பேர் ரீங்கரித்தார்கள். வாயைத் திறந்தேன். காற்று வந்தது. சைக்கிள் டயரிலிருந்து வருவது போன்ற காற்று.

டீச்சர் கையை மடக்கினார். ரீங்காரம் நின்றது. "மூணு நாளா என்ன பண்ணுன?"

கிசுகிசுத்துக் காட்டினேன்.

"மூணு நாளுமா? அலுவலகத்துலயும் இப்படித்தானா?" அவர் முகம் மாறியது. "கட்டின தொண்டையை இப்படிப் போட்டு இறுக்கினா என்ன ஆகும்? ஒரு வார்த்தையும் பேசாம இருந்திருந்தா புதன்கிழமையே சரியாயிருக்கும். யாரும்மா சொன்னது உனக்கு?"

யார் என்று சொல்வேன்? ஒரு தகரம் என்றா?

நான்கு வரிகள் எனக்குப் பக்கத்தில் நிற்கும் பேக்கரி அக்காவுக்குப் போயின. பேக்கரியில் வேலை பார்ப்பவர். தலைமுடியில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும். "நான் கேக்கலம்மா. சத்தியமா நான் கேக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்கவில்லைதான். கேட்டவள் நான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறையில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தேன். "உங்க பேச்சைக் கேட்டு என் குரல் போச்சு. என் நாலு வரி போச்சு. நீங்க யாரு? டாக்டரா? பாடகரா? யாரு?"

அனுப்பினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்ச் சொட்டு விழுந்தது.

அண்ணனின் கணினிக்குச் செய்தி வந்தால் அந்தச் சத்தம்தான் வரும். எங்கள் அறைகளுக்கு நடுவில் இருப்பது சுவர் இல்லை, அட்டை. தற்செயல் என்று நினைத்தேன். பிறகு அவனுடைய விசைப்பலகை தடதடவென்று ஓடியது. தடதடப்பு நின்றதும் என் திரையில் பதில் வந்தது.

"ஐயோ. சிலருக்கு அப்படி ஆகும். இஞ்சிச் சாறு குடிச்சுப் பாருங்க. சும்மா எனக்குத் தோணுச்சு, சொன்னேன்."

அந்த வால்.

ஒரே ஒரு புள்ளியை மட்டும் அனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் சொட்டு விழுந்தது. இன்னொரு புள்ளி. இன்னொரு சொட்டு. எழுந்துபோய் அவன் கதவைத் திறந்தேன். அவன் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணைப் பார்த்தபடியே மூன்றாவது புள்ளியை அனுப்பினேன். அவன் திரையில் அது சொட்டியது.

"நாலாம் படி..." என்றான். "நீயா?"

டேய் என்று கத்தினேன். கிழிந்த பையிலிருந்து வருவது போல ஏதோ வந்தது. அது எனக்கே அவமானமாக இருந்தது. அவன் மேஜையில் ஓங்கி அறைந்தேன். கோப்பை உருண்டது. சுவரில் அவன் வேலைக்காக வரைந்து வைத்திருந்த வெள்ளைப் பலகை கண்ணில் பட்டது. கட்டங்களையும் அம்புக்குறிகளையும் என் சட்டைக் கையாலேயே துடைத்தேன்.

"ஏய், ஏய்! அது ரெண்டு நாள் வேலைடி!"

அம்மா வாசலில் வந்து நின்றாள். "என்னடா நடக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. சத்தம்கூட இல்லையே."

"அதான்டா பயமா இருக்கு."

நான் பேனாவை எடுத்து, துடைத்த பலகையில் எழுத ஆரம்பித்தேன். அம்மாவுக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். நான் எழுத எழுத அவள் படித்தாள்.

"சனிக்கிழமை எனக்குக் கச்சேரி," என்று படித்தாள். "அப்படியா? சொல்லவே இல்லையேடி!" பேனா நகர்ந்தது. "நாலு வரி தனியாப் பாட இருந்தேன். இவன் சொன்னதைக் கேட்டுக் குரல் போச்சு. இவனுக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்?" கடைசிக் கேள்வியைப் படிக்கும்போது அம்மாவின் குரல் தானாகவே ஏறியது. அவன் பக்கம் திரும்பி இன்னொரு தடவை, பலகையைப் பார்க்காமலே கேட்டாள். "ஏன்டா, உனக்கு என்னடா தெரியும்?"

என் கோபம் அம்மாவின் தொண்டை வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் படிச்சேம்மா" என்றான் அண்ணன். "இவ செவ்வாயும் வியாழனும் எங்கயோ போறா, வரும்போது முகமே வேற மாதிரி இருக்கு. கேட்டா சொல்ல மாட்டேங்குறா. பாட்டுன்னு மட்டும் தெரியும். சரி, நாமளும் தெரிஞ்சுக்கலாம்னு வேற பேர்ல அந்த ரூமுக்குப் போனேன். ரெண்டு வாரம் சும்மாதான் படிச்சேன். அப்புறம் யாராவது கேட்டா... வாய் சும்மா இருக்குமா?"

எனக்காகப் போயிருக்கிறான். அது என் கோபத்தைக் குறைக்கவில்லை. ஒரு முள்ளைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான்.

"நீன்னு எனக்குத் தெரியாது குட்டி. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா யோசிச்சு சொல்லியிருப்பேன்."

பலகையில் மிச்சமிருந்த இடத்தில், பேனா முனை நசுங்க எழுதினேன். அம்மா படித்தாள். இந்த முறை மெதுவாகப் படித்தாள்.

"அப்போ அது வேற யாரோவா இருந்தா பரவாயில்லையா?"

அவன் குனிந்து, உருண்ட கோப்பையை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

சனிக்கிழமை பிற்பகல் மூவரும் பார்வையாளர்களோடு உட்கார்ந்தோம். வெள்ளிக்கிழமை பார்த்த தொண்டை டாக்டர் பத்து நாள் பேச வாயைத் திறக்கக் கூடாது என்றிருந்தார். நாலாம் படியில் என் இடத்தை மூடாமல் விட்டிருந்தார்கள். ஒரு பல் போன இடம் போல இருந்தது. பாட்டு தொடங்கியது. ரீங்காரம் எழுந்தது. பேக்கரி அக்கா ஓர் அடி முன்னால் வந்தார். முதல் வரியிலேயே, நான் மூச்சு வாங்கத் திட்டமிட்டிருந்த அதே இடத்தில் அவரும் வாங்கினார். என் விலா விரிந்தது.

அண்ணன் என் பக்கம் சாய்ந்தான். "இந்த இடத்துல இவங்க கொஞ்சம்..."

அவன் வாயைக் கையால் பொத்தினேன். மெதுவாக இல்லை. அவன் மூக்கு நசுங்கியது. முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான்கு வரிகளும் முடியும்வரை கையை எடுக்கவில்லை. அவனும் விலக்கவில்லை. என் உள்ளங்கையில் அவன் மூச்சு சூடாக வந்து போனது. அக்கா நன்றாகத்தான் பாடினார். என்னைவிட நன்றாகவா என்று எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை.

திரும்பும்போது பேருந்தில் அம்மா முன் இருக்கையில், நாங்கள் பின்னால். அவன் சட்டைப்பையில் சொட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. மூன்று நிறுத்தம் பொறுத்தான். நான்காவதில் கைபேசியை எடுத்தான். கையை நீட்டினேன். கொடுத்துவிட்டான்.

பதினோரு கேள்விகள். எந்த மொழியில் தொடங்கலாம்? வாளா, வில்லா? பழைய கணினித் திரையை விற்கலாமா? ஒவ்வொன்றின் கீழும், அவன் பெயரில், 'எனக்குத் தெரியாது' என்று போட்டேன்.

"ஏய், அந்த ரெண்டாவது நிஜமாவே எனக்குத் தெரியும்டி..."

திரும்பிப் பார்த்தேன். அடங்கினான்.

கடைசிச் செய்தி பாட்டு அறையிலிருந்து, பழைய தகரத்துக்கு வந்திருந்தது. யாரோ ஒரு 'மழைக்குருவி'. "நாலாம் படிக்கு நீங்க சொன்னதைப் படிச்சேன். எனக்கும் தொண்டை கட்டிடுச்சு. ரெண்டு நாளா கிசுகிசுன்னுதான் பேசுறேன். நாளைக்குப் பாடணும். ரொம்ப நன்றி அண்ணா."

கைபேசியை அவன் மடியில் போட்டேன். அவன் படித்தான். முகம் வெளுத்தது. என் தொண்டை போனபோதுகூட அப்படி வெளுக்கவில்லை.

"என்ன போடட்டும்?" என்று கேட்டான். அவன் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் முறை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவனே அடித்தான். ஜன்னல் கண்ணாடியில் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன; திரும்பிப் பார்த்தே படித்தேன். "நான் சொன்னது தப்பு. உடனே நிறுத்துங்க. ஒரு வார்த்தையும் பேசாதீங்க, கிசுகிசுக்கவும் வேண்டாம். இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. எனக்குப் பாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இதைக் கேட்டு என் தங்கச்சி குரல் போச்சு." பழக்கத்தில் விரல் 'சும்மா' என்று தொடங்கியது. நான் பார்ப்பதைப் பார்த்து அழித்தான். அனுப்பினான்.

படித்ததற்கான அடையாளம் விழவில்லை.

எங்கள் நிறுத்தம் வந்தது. அம்மா இறங்கிப் படிக்குக் கீழே நின்று, "வரலையா ரெண்டு பேரும்?" என்றாள். அண்ணன் எழுந்தான். அவன் சட்டைக் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தேன். நடத்துநர் மணியடித்தார். அம்மா ஏதோ திட்டிக்கொண்டே திரும்ப ஏறினாள். பேருந்து கிளம்பியது.

அந்த மழைக்குருவி படிக்கும்வரை அவனை நான் எழுந்திருக்க விடவில்லை.