ஹாலாஸ்யம் கை தூக்காத பந்து

பழங்காநத்தம் மைதானத்தில் ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அரை மணி நேரத்தில் அவனைப் பேயாண்டி கட்சியிலோ விருமாண்டி கட்சியிலோ சேர்த்துவிடுவார்கள். பேயாண்டி 1970இல் ஆடியவன், விருமாண்டி இந்த 1985இல் ஆடுகிறவன். இருவரும் ஒரே நாளில் ஒரே பந்தை உதைத்ததில்லை. அதனால் என்ன, காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான்.

"அப்பல்லாம் மழையில நனைஞ்ச தோல் பந்துடா. இரும்புக் குண்டு மாதிரி கனக்கும். அதை வெறுங்காலால வளைச்சவன் பேயாண்டி," என்பார் சைக்கிள் கடை சிவனாண்டி.

"தடுக்க ஆளில்லாத காலத்துல எவன் வேணாலும் வளைப்பான்ணே. விருமாண்டியைச் சுத்தி நாலு பேர் நிக்கிறான். அம்புட்டுப் பேரையும் தாண்டி அடிக்கிறானா இல்லையா?" என்பார்கள் இளவட்டங்கள்.

இரண்டு கட்சியும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்று உண்டு. கடவுள் இருவருக்கும் காலைக் கொடுத்துவிட்டுத் தலையை மறந்துவிட்டார். மில் டீமில் ஆடிய நாளில் பேயாண்டி மேஸ்திரியை அறைவான், வாரக்கணக்கில் காணாமல் போவான். வில்லாபுரத்து விருமாண்டியோ போன மாதம்தான் ரெஃப்ரியின் சட்டையைப் பிடித்து, ஆறு மாதம் ஆடக் கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்தான்.

தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவர் ஹாலாஸ்யம் ஒருவர்தான். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, டவுன் கிளப்பின் பழைய கோல் கீப்பர். தோல் பந்தைத் தொட்ட பாவத்துக்கு, ஆட்டம் முடிந்ததும் கிணற்றடியில் தலைக்குக் குளித்த பிறகே அந்த நாளில் அவருக்கு வீட்டுக்குள் அனுமதி. எழுபது ஃபைனலில் பேயாண்டி அடித்த பிரசித்தமான கோல் இவர் தலைக்கு மேலேதான் போனது. இவர் கையைக்கூடத் தூக்கவில்லை. "அதை எவனாலும் பிடிச்சிருக்க முடியாது" என்று இவர் சொன்னால் ஊர் சிரிக்கும். வேறெப்படிச் சொல்வார்? பிடிக்கக்கூடிய பந்து என்றால் இவர் காசு வாங்கினார் என்றல்லவா ஆகிவிடும்!

அவர் காசு வாங்கவில்லை. ஆனால் அன்று காலை பேயாண்டி அவர் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து நின்றான்.

"சாமி, இன்னிக்கு நான் கோல் போடலைன்னா மில்லை விட்டு விரட்டிருவாங்க. பொண்டாட்டி மாயக்கா நிறைமாசம். ஒண்ணே ஒண்ணு விட்டுக் குடுங்க சாமி."

"போடா அந்தண்டை. என் கை என்ன செய்யறதோ, அதைத்தான் செய்யும்."

சாயங்காலம் கை ஒன்றுமே செய்யவில்லை. பதினைந்து வருஷமாக அவரை அரிப்பது இதுதான். கையைக் கட்டிப்போட்டது பந்தா, இரக்கமா? அவருக்கே தெரியவில்லை. இரக்கம்தான் என்றால் அவர் தன் கிளப்பை விற்றவர்தான், காசு வாங்காமல் விற்ற முட்டாள். பேயாண்டியும் அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஒரு வருஷத்துக்குள் ஆட்டத்தையும் விட்டான். இப்போது அதே மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறான், பாதி நாள் குடியில் நிதானமில்லாமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதம் முற்றியபோது சிவனாண்டிதான் சொன்னார். "சாமியையே கோல்ல நிக்கச் சொல்வோம். அதே இடம், அதே தூரம். விருமாண்டி அடிக்கட்டும்."

"பெருசு, குனிஞ்சா நிமிர்ந்துருவீரா?" என்றான் விருமாண்டி. போன வாரம் ஒரு சர்டிபிகேட்டுக்காக ஆபீசுக்கு வந்து, அத்தனை பேர் முன்னால் ஹாலாஸ்யத்தின் மேஜையை எட்டி உதைத்தவன். அவன் மேல் அவருக்குத் துளி இரக்கம் கிடையாது. அதனாலேயே இது சரியான சோதனை என்று அவருக்குப் பட்டது. இன்று கை எழுந்தால், அன்று அதைக் கட்டியது இரக்கம்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார்.

எதிரே திருப்பரங்குன்றம் மலை, பொழுது சாய்கிற வெளிச்சத்தில் பாதி கரைந்து நின்றது. விருமாண்டி ஓடிவந்தான். பந்து எழும்பியது. வேகமாகக்கூட இல்லை. மலையடிவாரத்திலிருந்து உச்சி வரை நிதானமாக ஏறி, ஏதோ நினைத்துக்கொண்டது போல அங்கே ஒரு கணம் தங்கியது. கூட்டத்தின் இரைச்சல் நின்றுபோனது. காற்று நின்றது. எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு என்று மட்டும் அவருக்குத் தோன்றியது. சந்நிதியில் திரை விலகும்போது அப்படித்தான் தோன்றும், கும்பிடக்கூட மறந்துபோகும். பந்து வளைந்து இறங்கி அவர் தலையைத் தாண்டிப் பின்னால் விழுந்தது. இரண்டு கைகளும் தொடையோரத்திலேயே இருந்தன.

மைதானம் அதிர்ந்தது. கோல் வாங்கிய கீப்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே அழுததை அன்றுதான் ஊர் பார்த்தது.

"இப்பச் சொல்லும், யாரு ஒசத்தி?" என்றான் விருமாண்டி. அவர் காதில் விழவில்லை. தான் போட்ட கோட்டையே மிதித்துக்கொண்டு, சுண்ணாம்பு வாளியோடு பேயாண்டி வந்துகொண்டிருந்தான். பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக அவர் கண்ணைப் பார்த்தான்.

"சாமி, இவன் உங்ககிட்ட வந்து ஒண்ணும் கேக்கலையே?"

"இல்லைடா."

"இவனைக் கண்டாலே உங்களுக்கு ஆகாதே?"

"ஆகாது."

"அன்னிக்கும் இப்படித்தான் நின்னீங்க. இதே மாதிரி, வாயைப் பொளந்துக்கிட்டு. நீங்க பிச்சை போட்டீங்கன்னு நெனச்சேன் சாமி. ஊரே அந்தக் கோலைத் தூக்கி வச்சு ஆடும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். அதுக்கப்புறம் பந்தைத் தொடவே பிடிக்கலை."

தன் நெஞ்சில் கிடந்த முள்ளின் மறுமுனை இவன் நெஞ்சில் கிடந்தது ஹாலாஸ்யத்துக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

"அப்ப அது என் கோலா, சாமி?"

"உன் கோல்தாண்டா, பேயாண்டி. நான் வெறுமனே பார்த்துண்டு நின்னேன்."

பேயாண்டி வாளியைக் கீழே வைத்தான். கம்பத்துக்குப் பின்னால் கிடந்த பந்தை உள்ளங்காலால் மெல்ல இழுத்து, கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டே நின்றான். பிறகு அதைத் தள்ளிக்கொண்டு மைதானத்தின் நடுவை நோக்கி நடந்தான். ஹாலாஸ்யம் வேட்டியை இன்னொரு தரம் இறுக்கிக்கொண்டு கோலிலேயே நின்றார்.