மூன்றாவது மஞ்சள்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு அம்பயரைத் திட்டாமல் ஒரு மேட்ச் பார்க்க வராது. 'இவருக்கு ஒரு ஜோடி என் செலவில்' என்று வாட்ஸப் குரூப்பில் போட்டுப் போட்டே அவளுக்குக் 'கண்ணாடி' என்று பேர் விழுந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை, வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

குரூப் என்னவோ ஹாக்கிக்காகத்தான் தொடங்கியது. முப்பது பேர், ஒரே டீம், ஒரே வயிற்றெரிச்சல். வேறு பேச்சுப் பேசினால் வெளியே தள்ளிவிடுவேன் என்று சட்டம் போட்டவர் அட்மினான வேன் டிரைவர். ஆனால் மேட்ச் வாரத்துக்கு ஒரு நாள்தான், மற்ற ஆறு நாளும் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ஒருவருக்கு வீடு மாற ஆள் வேண்டும், ஒருத்திக்கு மாமியார் ஆஸ்பத்திரியில், இன்னொருவருக்குத் தூக்கம் வரவில்லை. மெல்ல மெல்ல ஹாக்கி ஓரமாய் ஒண்டிக்கொண்டது.

டிரைவர் அலுத்துப்போய் அதற்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தார். மைதானத்தில் பச்சை அட்டை காட்டினால் ஆட்டக்காரர் இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வேண்டும், மஞ்சள் என்றால் ஐந்து நிமிஷமாவது. குரூப்பில் ஒருவர் 'பச்சை' என்று போட்டால், மனசு சரியில்லை, புலம்பப் போகிறேன், யாரும் புத்தி சொல்ல வராதீர்கள் என்று அர்த்தம். 'மஞ்சள்' என்று போட்டால் பக்கத்தில் இருக்கிறவர்கள் காரணம் கேட்காமல் கிளம்பிப் போக வேண்டும். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள், ஆனால் வேலை செய்தது. போன வருஷம் கண்ணாடி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, இடது கையால் அந்த ஒரு சொல்லைத்தான் தட்டினாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு முதலில் ஓடிவந்து நின்றவர் கோலி.

கோலி என்பது பள்ளிக்கூட நாளில் அவர் கோல்கீப்பராக நின்றதால் வந்த பேர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னால், அவளுக்கு என் கைதான் பழக்கம் என்பார். முதுகு போய்விட்டது, பிடிவாதம் போகவில்லை. கண்ணாடியும் டிரைவரும் அவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் இருந்தார்கள்.

அந்த மாதம் மட்டும் அவர் இரண்டு மஞ்சள் போட்டிருந்தார். முதல் தடவை மனைவி நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள், இவர்கள் போய்த் தூக்கி உட்காரவைத்தார்கள். இரண்டாம் தடவை அடித்துப் பிடித்து ஓடினால், மனைவி காலையிலிருந்து வாய் திறந்து சாப்பிட மாட்டேன் என்கிறாளாம். கோலி சமையலறையில் நின்று அழுதுகொண்டிருந்தார். திரும்பி வரும்போது, அவருக்குப் பயம் ஜாஸ்தி என்று வேனில் டிரைவர் சலித்துக்கொண்டார். கண்ணாடியும் சும்மா இருக்கவில்லை. பச்சைக்கெல்லாம் மஞ்சள் போடுகிறார் என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரையிறுதி. மூன்றாவது கால் பகுதி, இரண்டுக்கு இரண்டு. நம் பின்காப்பு ஆட்டக்காரனின் மட்டை எதிராளியின் காலில் பட, அவன் தரையில் விழுந்து புரண்டான். கண்ணாடி ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். குரூப்பில் 'மஞ்சள்' என்று கோலி போட்டது கண்ணில் பட்டது. அடுத்த நொடியே அம்பயர் மஞ்சள் அட்டையைத் தூக்கினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோலியின் சொல்லுக்குக் கீழேயே தட்டினாள்:

'இதுக்கு மஞ்சளா? பச்சையே அதிகம். தரையில உருளுறதெல்லாம் நடிப்பு.'

டிரைவர் கைதட்டுகிற படம் போட்டார். ஏழெட்டுப் பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். ஐந்து நிமிஷம் ஓர் ஆள் குறைவாக ஆடியும் கோல் விழாமல் தாக்குப்பிடித்து, கடைசி நிமிஷத்தில் நம் ஆட்கள் ஒன்று போட்டு ஜெயித்தார்கள். குரூப் கூத்தாடியது. கோலியை மட்டும் காணோம்.

கோலி இன்டர்நெட்டில்தான் மேட்ச் பார்ப்பார், அது ஆமை வேகம். எல்லோரும் கோலைக் கொண்டாடி முடித்த பிறகுதான் அவர் 'கோல்!' என்று போடுவார், அதை வைத்து அவரை ஓட்டாத ஆளில்லை. ஜெயித்த குஷியில், இன்னும் அவருக்கு மேட்ச் முடியவில்லை போல என்று தட்டப்போனவளின் விரல் நின்றது. அவ்வளவு பின்தங்கி வருகிற மனுஷன், அம்பயர் கை தூக்குவதற்கு முன்னால் எப்படி மஞ்சள் என்று சொன்னார்?

மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தனியாக அந்த ஒரு சொல், அதன் கீழே அவளுடைய வாய். யார் யார் படித்தார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தால், கோலி படித்துவிட்டதற்கான நீலக் குறியும் இருந்தது. அதில் ஓர் 'அவன்' இருந்திருந்தால்கூட, ஏதோ ஆட்டக்காரனைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்திருக்கும். உருளுவது ஆணா பெண்ணா என்று அந்த வரியில் இல்லவே இல்லை.

கோலிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டாள். வேன் அந்தத் தெருவில் திரும்பும்போது ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மனைவி சரிந்து, முகம் சுவரோடு அழுந்த மாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கோலி தனியாக இழுத்துப் பார்த்திருக்கிறார். முதுகு பிடித்துக்கொண்டு அவரும் விழுந்திருக்கிறார். கட்டிலை நகர்த்தி அவளை வெளியே எடுக்க இருபது நிமிஷம் ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். எல்லாம் முடிந்துவிட்டது என்று வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

சொந்தக்காரர்கள் வந்து, ஆக வேண்டியதெல்லாம் ஆகி, மூன்றாம் நாள் வீடு காலியானது. போய் விஷயத்தைச் சொல்லிவிடு, அது மேட்சுக்குப் போட்டது என்று தெரிந்தால் நம்மை மன்னித்துவிடுவார் என்று டிரைவர் அவளை அரித்தெடுத்தார். அவளும் அதற்காகத்தான் கிளம்பினாள். தன் மேல் விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்ற அரிப்பு அவளுக்கும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

கோலி வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பட்டை கட்டியிருந்தது. டிரைவர் கதவோரம் நின்றுகொண்டார். கண்ணாடி தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நான் அன்னைக்குப் போட்டது..."

"அதை விடும்மா," என்றார் அவர். "நான்தான் தொட்டதுக்கெல்லாம் கூப்பிட்டுட்டேன். நீ சொன்னதுல தப்பில்ல. உனக்கும் அலுத்துப்போகும்ல."

அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் தன் கைகளைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒண்ணுதான் போட்டுக் குடையுது. உன் பதிலைப் பார்த்ததும் ரோஷம் வந்துடுச்சு. இனி யாரையும் கூப்பிடக் கூடாதுன்னு போனைத் தூக்கிப் போட்டுட்டேன். ரோஷப்படாம இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கணுமோ? ராத்திரி பகலா அதேதான். கூப்பிட்டிருந்தா வந்திருப்பியாம்மா?"

நாலு தெரு. வேனில் மூன்று நிமிஷம். ஒரே ஒரு அழைப்பு வந்திருந்தால் போட்டது போட்டபடி ஓடியிருப்பாள். அது அவளுக்கு அவள் பேரைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொன்னால் அவள் மேல் உள்ள பழி நீங்கிவிடும். ஆனால் இந்த மனுஷன் மிச்சமிருக்கிற நாளெல்லாம் கூப்பிடாமல் விட்ட அந்த ஒரு அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பின்னாலிருந்து டிரைவர், "அண்ணே, அது வந்து..." என்று தொடங்கினார். அவள் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

"வந்திருக்க மாட்டேன் அண்ணா," என்றாள். "எத்தனை தடவை கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன். அன்னைக்கு எனக்கு வர மனசில்ல."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக இறுகிக் கிடந்த தோள்கள் மெதுவாகத் தளர்ந்தன.

"அப்ப சரி," என்றார். பிறகு, "இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே," என்றார்.