கோடு போட்ட நடைவழி

தையல்காரிக்குத் தன் வீட்டுத் தரையைப் பற்றி ஒரே ஓர் ஆசை இருந்தது. கோடே தெரியக் கூடாது. கதவு அகலத்துக்குப் பெரிய பெரிய டைல்ஸ், மணல் நிறம், பளபளக்காத மேட் ஃபினிஷ், வாசலிலிருந்து சமையலறை வரை ஒரே விரிப்பாக. இப்போது எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். மெஷினில் நூல் மாற்றும் நேரத்தில்கூடக் கைப்பேசியில் அந்தப் படங்களைத்தான் தள்ளிக்கொண்டிருப்பாள்.

கணவர் பேருந்து ஓட்டியவர். நடுக்க நோய் வந்து வேலையை விட்டு இரண்டு வருடம். கை நடுங்குவதைவிடக் கால் சொல்பேச்சுக் கேட்காததுதான் பெரிய தொல்லை. நன்றாக நடந்து வருவார். நடைவழியில் பாதிதூரம் வந்ததும் பாதம் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். "கியர் விழ மாட்டேங்குது" என்று சிரிப்பார். அவள் ஊசியைக் குத்திவைத்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் டைல்ஸ் ஷோரூமுக்குப் போனார்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் விற்பனைப் பெண்ணோடு சுற்றினாள்.

"இந்த வருஷம் இதெல்லாந்தான் ஓடுதுக்கா" என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மீன் செதில் வடிவத்தில் பச்சை. தேன்கூடு மாதிரி ஆறு மூலை. கல் சில்லு தெளித்த டெராசோ. தையல்காரி துணியைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றின் ஓரத்தையும் தடவிப் பார்த்தாள். கடைசியில் அவளுடைய மணல் நிறம் வந்தது. "இதேதான்!" என்று கணவரைக் கூப்பிடத் திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. டைல்ஸை அப்படியே விட்டுவிட்டு அவரைத் தேடி ஓடினாள்.

மாதிரிக்காக ஓர் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் குறுக்குப் பட்டை போட்ட தரை பதித்திருந்தார்கள். அதன் மேல் அவர் நடந்துகொண்டிருந்தார். யாரும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு கறுப்புப் பட்டையையும் தாண்டித் தாண்டிக் கால் எடுத்து வைத்தார். மறுகோடி போய்த் திரும்பியும் வந்தார். பட்டை முடிந்து வெறுந்தரை வந்ததும் நின்றுவிட்டார்.

"என்னங்க, எப்படி நடந்தீங்க?"

"தெரியலம்மா. கோடு வருது, தாண்டணும்னு தோணுது. கால் தானா எழும்புது."

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து அவருக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிப் பெண்ணுக்கு அங்கிருந்தே போன் போட்டாள். ஆமாம், சிலருக்குக் குறுக்குக் கோடு உதவும் என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "எனக்காக உன் ஆசையை விட்டுடாத. எத்தனை நாளா பார்த்து வச்சிருக்க."

"நீங்க நடைவழியில நின்னுட்டு, என்னைக் கூப்பிட வெட்கப்பட்டு அப்படியே நிப்பீங்களே, அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துக் கீழே உட்கார்ந்தாள். "ஒரு எட்டு வைங்க." ஒரு பாதத்துக்கும் மறு பாதத்துக்கும் இடையை அளந்து, சட்டை அளவுகள் எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மணல் நிறத்தை அவள் விடவில்லை. நடைவழியில் மட்டும் அந்த ஓர் எட்டு அளவு இடைவெளி விட்டுக் குறுக்கே ஒவ்வோர் அடர் பழுப்புப் பட்டை, புடவைக்கு பார்டர் வைப்பதுபோல.

"இப்ப யாரும் இப்படிப் போடறதில்லைக்கா. வரிக்குதிரை மாதிரி இருக்கும்" என்றார் டைல்ஸ் பதிக்க வந்தவர்.

"இருக்கட்டும். எங்க வீட்ல ஒரு குதிரை ஓட வேண்டியிருக்கு."

எல்லா நாளும் கோடு கைகொடுத்தது என்று சொல்ல முடியாது. சில காலைகளில் பட்டை மேலேயே கால் ஒட்டிக்கொண்டது. ஆனால் தரை காய்ந்த மூன்றாம் நாள், அவள் மெஷின் சத்தத்தில் மூழ்கியிருந்தபோது, தோளில் ஒரு கை விழுந்தது. தூக்கிவாரிப்போடத் திரும்பினாள். அவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் அவள் போய் அழைத்து வராமல் அவர் அந்த அறைக்கு வந்ததே இல்லை.

"என்னங்க, என்ன வேணும்? கூப்பிட்டிருக்கலாமே!"

"ஒண்ணும் வேணாம். சும்மா வந்தேன்."

அவள் மெஷினை நிறுத்தினாள். முக்காலியில் கிடந்த துணியை அள்ளிப் போட்டுவிட்டு அவரை உட்காரவைத்தாள். அன்று கொடுக்க வேண்டிய சட்டைக்கு மதியம் வரை கை தைக்கப்படவே இல்லை.