ஒன்பது விநாடிக் கணவன்

செத்துப்போன ஷ்யாம்சுந்தர், கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோடு வீட்டின் பின்னறைக்கு தினமும் நாலைந்து தடவை வந்துகொண்டிருந்தான். வந்தால் இரண்டு விநாடி இருப்பான். கம்ப்யூட்டர் மேசை முன்னால் கிடந்த சுழல் நாற்காலியில், கடைசியாகப் போட்டிருந்த கோடு போட்ட சட்டையோடு தோன்றி, வாசல் பக்கம் திரும்பி, "ரோஹி, அந்த..." என்பான். அதற்குள் நாற்காலி காலியாகிவிடும். 2003 ஆடி மாதம் பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மணல் லாரி அவன் பைக்கை இழுத்துக்கொண்டு போனது. காரியமெல்லாம் முடிந்த மறுநாளே வர ஆரம்பித்துவிட்டான். அவன் அம்மா அபிதகுஜாம்பாள் முதல் தடவை அலறினாள், அடுத்த தடவை அழுதாள், அந்த வாரக் கடைசிக்குள் "கொழந்தை வந்துட்டுப் போனான்" என்று தண்ணி லாரி வந்துபோனதைச் சொல்கிற குரலில் சொல்லப் பழகியிருந்தாள். இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஜஹீரா, "நீங்க ஆபீஸ் போயிருந்தப்ப உங்க வீட்டுக்காரர் ரெண்டு வாட்டி வந்தாரு ரோஹிணி, இளைச்ச மாதிரி இருக்காரு" என்றாள்.

ஏன் வருகிறான் என்பதைக் கண்டுபிடித்தவள் மனைவி ரோஹிணிதான். புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே பெருங்குடியில் சாஃப்ட்வேர் வேலை. அது போக, வீட்டில் உட்கார்ந்து ஷ்யாம் இன்னொரு வேலையும் பார்த்தான். உலகமெல்லாம் இலவசமாக ஓடுகிற ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதன் அடிமடியான கெர்னலில், ஒரு பழைய டிஸ்க் கார்டை ஓட்டும் 'டிரைவர்' என்கிற நிரல் அவன் பொறுப்பு. கார்டு மக்கர் செய்தால் டிரைவர் அதை ஒரு உதை உதைத்து எழுப்ப வேண்டும், எழுகிறவரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கார்டு செய்த கம்பெனி எங்கும் எழுதி வைக்கவில்லை. ஷ்யாம் இரண்டு விநாடி என்று போட்டு, பக்கத்தில் 'ஏன் என்று கேட்காதே' என்று ஒரு குறிப்பும் எழுதினான். அந்த இரண்டு விநாடியும் கம்ப்யூட்டர் மரக்கட்டை. எதையும் பார்க்காது, எதையும் கேட்காது. அவன் போனபிறகு அந்த டிரைவரை ரோஹிணி எடுத்துக்கொண்டாள். நிரலின் தலைப்பில் அவன் பெயருக்குக் கீழே அவள் பெயர் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனைக்காகக் கார்டை உதைத்தாள், ஷ்யாம் வந்தான். மறுபடி உதைத்தாள், மறுபடி வந்தான். அவள் ஒன்றும் செய்யாமலே அவன் வந்த நேரங்களை, எங்கெங்கோ இருந்து புகார் எழுதியவர்களின் மெயிலோடு ஒத்துப் பார்த்தாள். போலந்தில் ஒரு கல்லூரியில் கார்டு மக்கர் செய்த அதே நிமிஷம் கேம்ப் ரோட்டில் நாற்காலி திரும்பியிருந்தது. உலகத்தில் எந்த மெஷின் அந்த இரண்டு விநாடியைச் செலவழித்தாலும் அது இந்த அறையில் வந்து விழுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு விநாடி எந்த மூலைக்குப் போதும்? 'அந்த' என்றானே, எந்த? பீரோ சாவியா, அம்மாவின் வைத்தியமா, கடைசியாகப் போட்ட சண்டையா? ரோஹிணி தன் மெஷினில் மட்டும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தாள். ஷ்யாம் வரவேயில்லை. ஊருக்கு வெளியிட்ட நிரலுக்குத்தான் அவன் கட்டுப்பட்டான். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், வெளியிடாத வேலையை அவன் வேலையாகவே மதித்ததில்லை. மாமியார் வேறு விடவில்லை. "உன் கையிலதானேடி இருக்கு? சித்த கூட்டேன். நான் அவன் மொகத்தையே முழுசாப் பாக்கலை." 2004-ல் ரோஹிணி இரண்டை அழித்து ஒன்பது என்று போட்டாள். 'சில பழைய கார்டுகள் எழுந்திருக்க நேரம் எடுக்கின்றன' என்று காரணம் எழுதினாள். சுத்தப் பொய். வெளிநாட்டில் ஒருத்தன் முணுமுணுத்தான்; பொறுப்பாளர் சொன்னால் சரி என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். புதிய பதிப்பு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

ஒன்பது விநாடியில் மனுஷன் ஒரு வாக்கியத்தை முடித்துவிட முடியும். ஷ்யாம் முடித்தான். "ரோஹி, அந்த ரெண்டு செகண்ட் குத்துமதிப்பாப் போட்டது. எடுத்துடு. கார்டோட ஸ்டேட்டஸைப் பாத்துண்டே இருந்தாப் போதும், கண் சிமிட்டறதுக்குள்ள எழுந்துடும்." சாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்து, பெண்டாட்டியிடம் சொல்ல இதுதான் கிடைத்தது அவனுக்கு. ரோஹிணி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அப்புறம் சாப்பிட்டாள். எடுக்கவில்லை. இரண்டு வருஷம் ஷ்யாம் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தான்; அவள் வார்த்தைகளை விட்டுவிட்டு, பேசும்போது அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குவதை மட்டும் பார்க்கக் கற்றுக்கொண்டாள். அபிதகுஜாம்பாளுக்கு ரத்தக்கொதிப்பு இறங்கியது. வீட்டில் சிரிப்புகூடக் கேட்டது.

2006 கார்த்திகையில், மழை விட்ட ஒரு சாயங்காலம், வாசலில் பைக் நின்றது. ஓட்டி வந்தவன் சுஃபியான். பல்லாவரத்துக்காரன், சின்னப் பட்டறைகளின் மெஷின்களுக்குக் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுப்பவன், டிரைவர் சந்தேகங்களுக்கு ரோஹிணிக்கு மெயில் எழுதிப் பழக்கம். பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஜெயவேலு, திருமுடிவாக்கத்தில் தகடு வளைக்கிற பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். வலது கை கட்டுக்குள் இருந்தது. கட்டு, விரல்கள் இருக்க வேண்டிய நீளத்துக்கு இல்லை.

"சேப்பு பட்டனை அமுக்கினேன் மேடம்" என்றார் ஜெயவேலு, உட்காராமலே. "க்ளவுஸ் மாட்டிகிச்சு. மேல் அச்சு மெதுவாத்தான் எறங்கும், அமுக்கினா டக்குனு நின்னுடும். அன்னிக்கு அது பாட்டுக்கு எறங்கிகினே வந்துச்சு. நானும் அமுக்கிப் புடிச்சிகினே நிக்கிறேன்."

"பட்டனை நேரா ஒயர் பண்ணியிருக்கணும்க்கா. கம்ப்யூட்டர் வழியா விட்டேன், கார்டு மக்கர் பண்ணின நேரம் அது பட்டனைக் கேக்கலை, அது என் தப்பு, நான் ஒத்துக்கறேன்" என்றான் சுஃபியான். "ஆனா பழைய வெர்ஷன்ல அதே கார்டு எத்தனையோ தடவை மக்கர் பண்ணியிருக்கு. ரெண்டு செகண்ட்ல விட்டுடும், க்ளவுஸோட போயிடும். போன மாசம்தான் புதுசு ஏத்தினேன். ஒன்பதுன்னு கீது. ஏன்க்கா ஒன்பது?" அந்த ஒன்பதையே தூக்கிவிட்டு, கார்டைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிற மாதிரி ஒரு திருத்தம் எழுதி எடுத்து வந்திருந்தான். பொறுப்பாளர் கையெழுத்து இருந்தால்தான் அது ஊருக்குப் போகும்.

சில பழைய கார்டுகள், என்று ரோஹிணி ஆரம்பித்தாள். எந்த ஊரில் எந்த மெஷின் மக்கர் செய்ததோ, பின்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது. கதவு திறந்தே இருந்தது. ஷ்யாம்சுந்தர் வாசல் பக்கம் திரும்பி, வந்தவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு, குத்துமதிப்பாப் போட்டது, எடுத்துடு, என்று நிதானமாக முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டுப் போனான்.

"யாரு இவுரு?" என்றார் ஜெயவேலு.

"என் வீட்டுக்காரர். தவறிட்டார்."

அவர் தலையாட்டினார். அது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. கட்டுப் போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டு, காலி நாற்காலியையே பார்த்தார். "இவ்ளோ நேரந்தான் மேடம். நான் அமுக்கிப் புடிச்சிகினு நின்னது, கரெக்டா இவ்ளோ நேரம்."

சுஃபியானுக்கு வேறொன்று உறைத்திருந்தது. "அக்கா, இவர் இதை எவ்ளோ நாளா சொல்றாரு?"

"ரெண்டு வருஷமா."

ஜெயவேலு 'மேடம்' போடுவதை விட்டுவிட்டார். "ரெண்டு வருசமா கூவிகினுகீறான் உன் புருசன். உனுக்குக் காது இல்லியாம்மா?"

ரோஹிணி எழுந்து பின்னறைக்குப் போனாள். அபிதகுஜாம்பாள் குறுக்கே வந்து நின்று கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்டி. பழையபடி ரெண்டாக்கிடு. இல்லே, ஒண்ணு. ஒரு விநாடி விட்டுவை, நான் உன்னைக் கேக்கிறது அவ்வளவுதான்." ரோஹிணி அந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்தெடுத்தாள். ஐந்தும் இருந்தன. சுஃபியானின் திருத்தத்தை ஏற்றி, கார்டை உதைத்துப் பார்த்தாள். கண் சிமிட்டும் நேரத்தில் எழுந்துகொண்டது. தன் பெயரைப் போட்டாள். காரணம் எழுதுகிற இடத்தில், முன்னால் எழுதியது பொய், அதனால் ஒரு கை போனது என்று எழுதினாள். ஜெயவேலு அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "பூட்ச்சா?" என்று கேட்டார். போய்விட்டது என்றாள். காபி சாப்பிடாமல் கிளம்பினார்கள்.

அதற்கப்புறம் அந்தக் கார்டை அவள் எத்தனை தடவை உதைத்தாலும் ஷ்யாம் வரவில்லை. வந்தானோ என்னவோ, பார்க்கிற அளவுக்கு நேரமில்லை. ஜெயவேலுவை அந்தப் பட்டறை இருந்த தொழிற்பேட்டையிலேயே கேட் வாட்ச்மேனாகப் போட்டார்கள். லாரிக்காரர்களுக்கு இடது கையால் சல்யூட் வைத்தார். மாமியார் ஆறு மாதம் மருமகளோடு பேசவில்லை, பிறகு உப்பு புளிக்காகப் பேசினாள்.

ஆனால் வெளியே போன நிரலை யாராலும் முழுசாகத் திரும்பக் கூப்பிட முடியாது. ஓடுகிற மெஷினில் எதற்குக் கை வைக்க வேண்டும் என்று புதியதை ஏற்றாமலே விட்டவர்கள் உலகமெல்லாம் இருந்தார்கள்; சிலரிடம் பழைய இரண்டு ஓடியது, சிலரிடம் ஒன்பது. எந்தப் பட்டறை, எந்த ஆஸ்பத்திரி என்று ரோஹிணிக்குத் தெரியாது. அவர்கள் புண்ணியத்தில் ஷ்யாம்சுந்தர் வாரத்துக்கொரு தடவை, பிறகு மாசத்துக்கொரு தடவை வந்துபோனான். இரண்டு விநாடியோடு போனால் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மூன்றாவது விநாடி தாண்டினால் அபிதகுஜாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து மகன் எதிரில் உட்கார்ந்துகொள்வாள். ரோஹிணி அந்தப் பக்கம் போகமாட்டாள். கூடத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, "கையை எடு, கையை எடு" என்று, எந்த நாட்டிலோ இருக்கிற யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். நாற்காலி காலியானதும் இருவரும் தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவார்கள்.